கொலுப்படியில் ரோபோ கார்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று டெலானிபூர் குவார்ட்டர்ஸ் பெண்கள் எங்கள் வீட்டுக் கொலு பார்க்க வந்தார்கள். மேல்வீட்டு அக்கா கைதட்டித் தாளம் போட்டுப் பாடினார். கீழ்ப்படியில் என் மகள் யாழினி வைத்திருந்தது கைதட்டினால் மாறுகிற கார். அந்தத் தாளத்துக்கு அது சைரன் அடித்துக்கொண்டு ரோபோவாக எழுந்து நின்றது.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த கார், காடியெல்லாம்? அதுவும் சாமி பக்கத்துல!” என்றார் அக்கா.

“எடுத்து உள்ள வைம்மா,” என்றார் என் மாமியார்.

யாழினி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். “யே மேரா ஹை! என்னுது! எடுக்காதீங்க!” என்று பள்ளிக்கூட இந்தியும் தமிழுமாகக் கத்தினாள்.

எனக்குச் சுருக்கென்றது. “படியில வச்ச பொம்மைய விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க அத்தை?” என்றேன். வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்து அனுப்பினேன்.

அத்தை சாப்பிடாமல் படுத்துவிட்டார். படுக்கட்டும். கப்பல் வேலையில் இருக்கும் தன் மகனிடம் போனில் சொல்வார். சொல்லட்டும். என் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ...

கார் அங்கேயேதான் இருக்கும். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துத்தான் கொலுவை முடிப்போம். வருஷா வருஷம் அத்தை மரப்பாச்சியைப் படுக்க வைப்பார். இந்த வருஷம் யாழினி தன் ரோபோவைப் படுக்க வைப்பாள். மேல்வீட்டு அக்காவும் வந்து தாலாட்டுப் பாடட்டும். கை மட்டும் தட்டக் கூடாது.