கறுப்பு வெள்ளையில் ஒரு பச்சைக் கால்சட்டை

என் அருமை மாப்பிள்ளை பாலாவுக்கு,

ரெங்கத்தில் உன் வீட்டில், உன் நாற்காலியில், உன் அனுமதி இல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் ஊர்ச் செய்தி. எதிர்வீட்டுக்காரர் தலைக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்திருக்கிறார். யாருக்காக என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மாமாக் சாப்பாட்டுக் கடையில் பாய் வீசும் பரோட்டா, அந்த ரொட்டி சானாய், சுருங்கிவிட்டது. என் தலைமுடி அதைவிட வேகமாக.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை, அதாவது உன் பெண்டாட்டி சரோ, போன வாரம் போன் போட்டாள். "அண்ணே, அலமாரிய காலி பண்றேன். இவரோட கேம் பெட்டி கெடக்கு. வந்து எடுத்துக்கிறீங்களா, பழைய சாமான்காரன்கிட்ட போடட்டா?"

பழைய சாமான்காரனா! அதற்கு என்னையே போடலாம்.

சிங்கப்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், அங்கே ஒரு கடையில் நீ வாங்கிவந்த ஜப்பான் பெட்டி. உன் தொலைக்காட்சியில் செருகினால் படம் வந்தது, நிறம் வரவில்லை. ஜப்பான் பெட்டி நிறத்தை அனுப்பும் முறை வேறு, உன் தொலைக்காட்சிக்கு அது புரியாது என்று எனக்கு இந்த வாரம்தான் தெரியும். அத்தனை வருடமும் நாம் கறுப்பு வெள்ளையிலேயே குத்துச்சண்டை போட்டோம்.

திரைக்குள் போட்ட சண்டையைவிட வெளியே போட்டதுதான் அதிகம். உன் ஆளின் கால்சட்டை பச்சை என்றாய். நான் சிவப்பு என்றேன். திரையில் எல்லாமே சாம்பல்; யார் ஒத்துக்கொள்வது? பந்தயம் வேறு கட்டினோம். தோற்றவன் மாமாக் கடையில் எழுந்து நின்று, "எனக்குக் கண் தெரியாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அதைத் தீர்க்கத்தான் ஞாயிறு தவறாமல் என் ஊர் குளுவாங்கிலிருந்து வந்தேன். என் மனைவி என்னை விட்டுப் போன பிறகு, வாரத்தில் எனக்கென்று இருந்தது உன் கால்சட்டை ஒன்றுதான்.

சரி, பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப் போகலாம் என்று வந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு சரோ வாங்கிய புதுத் தொலைக்காட்சியில் பெட்டியின் மஞ்சள் ஒயரைச் செருக ஓட்டையே இல்லை. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டுமாம். வாங்கினேன். படம் வரவில்லை. கடைக்கே தூக்கிக்கொண்டு போனால் அங்கே விற்கும் பெண் சிரிக்கிறாள். "அங்கிள், இது புது மெஷின பழைய டிவில போடறது. உங்களுக்கு இதுக்குத் தலகீழா உள்ளது வேணும் லா. மேலயே அம்புக்குறி போட்டிருக்கு, பாக்கலையா?"

பார்க்கவில்லை. நான் எதைத்தான் பார்த்தேன், சொல்.

சரியான சின்னப் பெட்டியோடு இன்று மறுபடி வந்தேன். மஞ்சளை வெள்ளையில் செருகினேன். திரை இருட்டு, தொலைக்காட்சி மாடு மாதிரி கத்தியது.

"மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை! இதுகூடத் தெரியாமத்தான் இத்தன வருஷம் வெளயாடினீங்களா?" என்றாள் சரோ.

"உன் புருஷன்தான்மா எப்பவும் சொருகுவான்" என்றேன்.

மாற்றிச் செருகினேன். அலாமாக், மாப்பிள்ளை! வானம் நீலம். மேடை சிவப்பு. உன் ஆள் குதித்துக்கொண்டே வந்து நின்றான். கால்சட்டை பச்சை. பச்சைப் பசேலென்று, சந்தேகத்துக்கு இடமில்லாமல், பச்சை.

"டேய்!" என்று கத்தியபடி உன் பக்கம் திரும்பினேன். சோபாவில் நீ உட்காரும் இடத்தில் மடித்த துணிதான் இருந்தது.

"பச்சைதானேண்ணே?" என்றாள் சரோ, திரையைப் பார்க்காமலேயே. "அவருக்கு மொதல்லயே தெரியும். கடைல கலர்லதான் போட்டுக் காட்டுனாங்களாம். இங்கயும் கலர் வர்ற மாதிரி டிவி இருக்குன்னு சொன்னாங்களாம்."

"அப்புறம் ஏன் வாங்கல?"

"அண்ணி போனப்புறம் நானும் கேட்டேன். 'வாங்கிட்டா உங்கண்ணன் எதுக்கு ஞாயித்துக்கெழம வரப்போறான்'னாரு."

திருட்டுப் பயலே. பதிலைப் பார்த்துவிட்டா பந்தயம் கட்டினாய்?

அப்புறம் ஒன்று தோன்றியது. அத்தனை வருடத்தில் நிறம் ஏன் வரவில்லை என்று நானும் எந்தக் கடையிலும் கேட்கவில்லையே. எனக்கும் அது தெரிய வேண்டாம் என்றுதான் இருந்ததோ?

சரோ துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு பேர் ஆட்டம்தான் போட்டிருந்தேன். உன் ஆள் கைகளைத் தூக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே லேசாகக் குதித்துக்கொண்டிருந்தான், நீ வருவாய் என்பதுபோல. உன்னை நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை, உனக்குத் தெரியும். ஒரு குத்து விட்டால் போதும். விடவில்லை. நேரம் தீர்ந்து, ஆட்டம் சமன் என்று மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் சும்மா நின்றோம்.

பெட்டியை நான் எடுத்துப் போகவில்லை. ஒயர்கள் செருகியபடியே இருக்கட்டும் என்று சரோவிடம் சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு மாமாக் கடையில் எழுந்து நின்று, எனக்குக் கண் தெரியாது என்று சொல்லப்போகிறேன். கடைக்கார பாய் எனக்குப் பைத்தியம் என்பார். ஏற்கெனவே பாதி நம்பித்தான் இருக்கிறார். சொல்லிவிட்டு நேரே உன் வீட்டுக்கு வருவேன். தீர்க்க வேண்டிய சண்டை இனி இல்லை. இல்லாவிட்டாலும் வருவேன், மாப்பிள்ளை. ஞாயிறு தவறாது.

பந்தயத்தில் தோற்ற உன் மச்சான்,
சரோவின் அண்ணன், செல்வம்