சரித்து வைத்த ரீவி

வெள்ளி, இரவு. சண்டிலிப்பாய்.

விமானம் சுடும் வீடியோ விளையாட்டுக்குப் படம் நெடுக்காக நிற்க வேண்டும் என்று, பழைய குழாய் ரீவியைப் பக்கவாட்டில் சரிக்க அண்ணை கூப்பிட்டார்.

"நிப்பாட்டிப்போட்டுத் திருப்புவம் அண்ணை."

"அப்பா விடமாட்டார். நீ பிடி."

அம்மா போனதிலிருந்து அப்பா அதை நிறுத்த விடுவதில்லை. சத்தம் நின்றால் எழுந்து வீடு முழுக்க நடப்பார். ஓடும்போதே திருப்பினோம். திரையின் ஒரு பக்கம் பச்சை படிந்தது. நிமிர்த்தியும் போகவில்லை.

"திருப்பினதில குழாயில காந்தம் ஏறிட்டுது. நிப்பாட்டி, ஆறவிட்டுப் போட்டால் தானாய்ப் போகும்."

"அப்ப நீங்களே அப்பாவைக் கேளுங்கோ."

அண்ணை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவுச் செய்தி வாசித்த பெண்ணின் கன்னம் பச்சையாக இருந்தது. அப்பா நெடுநேரம் பார்த்தார்.

"வருத்தக்காரப் பிள்ளையை, சுகம் வராமல் ஏன் வேலைக்கு விடினம்?" என்றார்.