ஆறாவது ஞாயிற்றுக்கிழமை

அண்ணி,

சாப்பாடு முடிந்து உங்கள் தம்பி உள்ளே படுத்துவிட்டார். ஞாயிறு மதியம் இரண்டு மணி. ரெக்கார்டு பெட்டியைத் திறந்ததும் மைதாப் பசை வாசனை வந்தது. பூச்சி அரிக்காமலிருக்க அதில் நீங்கள் கலக்கும் மயில்துத்தத்தின் காரம் இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை. ஒன்பது அட்டைகளின் முதுகிலும் நீங்கள் ஒட்டிய காடாத் துணி அப்படியே இருக்கிறது. ஆறாவதில் மட்டும் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டியிருக்கிறீர்கள், அதை யாரும் தெரியாமல்கூட எடுத்துவிடக் கூடாது என்பதுபோல.

நீங்கள் கண்ணை மூடி, வருகிற மாசியோடு ஒரு வருடம் ஆகிறது. அந்தப் பெட்டியைத் தொட எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினேன். வாரம் ஒன்று, வரிசைப்படி, நீங்கள் போட்ட சட்டம் மாறாமல். இன்று ஆறாவது வாரம். அதனால் பாட்டு கிடையாது. ஒரு தட்டு ஓடும் நாற்பது நிமிடமும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உங்களோடு உட்கார்ந்தபோது முடிந்தது. தனியாக முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பட்டமும் ஒரு தகரப் பெட்டியும்தான். பெயர் சொல்லிக் கூப்பிட உங்களுக்கு வாய் வரவில்லை. "இன்னா பி.ஏ., காபி ஆறுது பாரு," என்றீர்கள். கடைசி வரைக்கும் நான் உங்களுக்கு பி.ஏ.தான். நீங்கள் ஐந்தாவது வரை படித்தவர். ஆனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றையும் விட்டதில்லை. பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு பைண்டு செய்வீர்கள். தெருவே உங்களிடம் வாங்கிப் படித்தது. ஏதாவது ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போனால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைப்பீர்கள். "ஏன் அண்ணி, அப்படியே சேர்த்துத் தைத்துவிடலாமே," என்று கேட்டேன். "அந்த வாரம் ஒண்ணு இருந்துது இல்ல? இல்லவே இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றீர்கள்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத ஒரு விஷயமும் இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டியவர். ஒரு நடை போனவர் திரும்பவில்லை. நான் வந்தபோதே நாலு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் ஊரைத் தாண்டியதே இல்லை. பல் வலிக்குத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உங்கள் தம்பி கெஞ்சியபோதும் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். "நான் இல்லாதப்ப அவரு வந்து தட்டினா யாரு தொறக்கறது?" கதவு தட்டும் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பது அடுப்பிலேயே இருக்கும், நீங்கள் வாசலில் இருப்பீர்கள். வந்தவர் தபால்காரராக இருப்பார், கிருஷ்ணாயில்காரராக இருப்பார். ஒவ்வொரு தடவையும் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டுதான் தாழ்ப்பாளைத் தொடுவீர்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. கப்பலில் வேலை பார்த்த என் சின்ன மாமா வெளிநாட்டிலேயே தங்கிவிடப் போவதாகச் சொல்லி, தன்னுடைய ரெக்கார்டு பிளேயரையும் எனக்குப் பிடித்த ஒரு இங்கிலீஷ் ராக் குழுவின் ஒன்பது ஆல்பங்களையும் ரயிலில் போட்டு அனுப்பினார். அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு பாட்டுகள் போட்டுக் காட்டுவார். மொத்தமும் கேட்க வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து என் ஆசை. குழுவின் பெயரை நீங்கள் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. அஞ்சு பேரும் உங்களுக்கு "நம்ம பசங்க".

முதல் ஞாயிறு நான் நான்காவது தட்டைத்தான் எடுத்தேன். எனக்குப் பிடித்த பாட்டு அதில் இருந்தது. நீங்கள் அட்டையின் மூலையில் மாமா பென்சிலால் போட்டிருந்த எண்ணைப் பார்த்துவிட்டீர்கள்.

"இது நாலு. ஒண்ணு எங்க?"

"எதை வேணும்னாலும் முதல்ல கேக்கலாம் அண்ணி. ஒவ்வொரு பாட்டும் தனித்தனி."

"அப்புறம் உங்க மாமா எதுக்கு நம்பர் போட்டாரு? வேலை இல்லாமயா?"

நான்காவதை அட்டைக்குள் திருப்பி வைத்தேன். ஒன்றாம் எண்ணைப் போட்டேன். கைதட்டலும் கூச்சலும் சின்னச் சின்னப் பாட்டுகளுமாக இருந்தது. "இன்னா சொல்றான்?" என்றீர்கள். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்கிறான் என்றேன். "எந்த ஊரு பொண்ணு? அவங்க ஊட்டுல ஒத்துகினாங்களா?" அவ்வளவு ஆவலோடு கேட்கிறவரிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? துறைமுகத்துப் பக்கம் ஒரு ஊர், அங்கே ஒரு பையன், ஜன்னலில் ஒரு பெண் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்றைக்குத் தொடங்கிய பொய் அது.

இரண்டாவது வாரம் தட்டு ஓடத் தொடங்குமுன் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "இரு, முன்கதைச் சுருக்கம் சொல்லு." நான் தடுமாறியதும் நீங்களே சொன்னீர்கள், நான் சொன்னதைவிட நன்றாக. பெண்ணுக்கு ஒரு தாய்மாமனும் ஜன்னலுக்கு ஒரு செம்பருத்திச் செடியும் சேர்ந்திருந்தன. அந்த ஆல்பமும் முதலாவதைப் போலவே இருந்ததால், "இன்னா இது, ஒரே வாரத்த ரெண்டு தடவை வெச்சுத் தெச்சுட்டானுங்களா?" என்று சிரித்தீர்கள்.

மூன்றாவதில் தப்பு செய்தேன். மவுத் ஆர்கன் வாசிக்கும் மெதுவான பாட்டு ஒன்று. யோசிக்காமல், "வேலை தேடி அந்தப் பையன் கிளம்பிப் போறான்," என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும்தான் யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது. நீங்கள் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பசைக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, "எப்ப வருவானாம்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. "இந்த ரெக்கார்டுல வரானா?" என் பிரியமான நான்காவது ஆல்பத்தை நான் கேட்கவே இல்லை, அவனை எந்த ஊரில் நிறுத்துவது என்ற யோசனையிலேயே அது ஓடி முடிந்தது. ஐந்தாவதில் கடிதம் ஒன்று போட வைத்தேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "லெட்டர் போடறவன் ஏன் வரமாட்டான்? பேஜாரு புடிச்சவன்."

ஆறாவதை எடுத்தபோதுதான் பார்த்தோம். ரயிலடி பிளாட்பாரத்தில் பெட்டி அரைநாள் வெயிலில் கிடந்ததில், மேலாக இருந்த அந்தத் தட்டு அப்பளம் போல நெளிந்திருந்தது. முள்ளை வைத்தால் துள்ளித் துள்ளி விழுந்தது. ஏழாவதைப் போடட்டுமா என்றேன்.

"வேணாம். இந்த வாரம் வெள்ளத் தாளு."

நெளிந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நானும் உட்கார்ந்தேன். மின்விசிறி கடகடவென்று ஓடியது. நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துப் போனது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள்.

"போன அன்னிக்கு எளாவூரு செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தி டீ குடிச்சாராம். கூடப் போன டிரைவரு சொன்னாரு. சிரிச்சுப் பேசிகினு, ரெண்டு டீ. நெல்லூருல அவருக்கு இன்னொரு குடும்பம் கீதுன்னு ஊரே சொல்லுது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரிஞ்சுமா அண்ணி..."

"தெரிஞ்சா இன்னா பண்றது, பி.ஏ.? காத்துகினு கீறது பழகிப்போச்சு. அத்த விட்டா எனக்கு வேற வேலை இல்ல."

மீதி அரைமணி நேரமும் நாம் பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்ததும் எழுந்து போய்க் காபி போட்டீர்கள். அந்த அட்டைக்கு இரட்டைத் துணி ஒட்டியது அடுத்த நாள்.

ஏழாவது ஒரே இரைச்சல். "தகரத்த அறுக்கறானுங்க. ஆனா அந்த டிரம்மு அடிக்கறவன் மட்டும் பாவம், எல்லாரையும் இழுத்துப் புடிச்சிகினு கீறான்," என்றீர்கள். எட்டாவது அட்டையின் படத்தை வெகுநேரம் பார்த்தீர்கள். "ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்கல பாரு. இவனுங்க பிரிஞ்சிடுவானுங்க." குழு ஏற்கனவே பிரிந்துவிட்டது என்பதை நான் உங்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஒன்பதாவதுதான் கடைசி என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதை மட்டும் சொன்னேன். "அப்ப வர ஞாயித்துக்கெழம முடிவு," என்றீர்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வந்துவிட்டான் என்று முடித்தால் நீங்கள் இன்னும் பத்து வருடம் தாழ்ப்பாளுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். வரவே மாட்டான் என்று உங்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? உங்கள் தம்பியிடம் கேட்டேன். "வந்துட்டான்னு சொல்லிடு. ஒரு நாளாவது அக்கா சிரிக்கட்டும்," என்றார். அவருக்கு உங்கள் மேல் இருந்த பிரியம் அப்படிப்பட்டது. நானும் அதற்கே துணிந்தேன்.

ஒன்பதாவதின் கடைசிப் பாட்டு நீளமானது. பியானோ மட்டும் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. நீங்கள் அன்று கையில் ஊசி நூல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நான் தொடங்கினேன்.

"அவன் அந்தத் தெருவுக்கு வரான் அண்ணி. வீடு அப்படியே இருக்குது. கதவைத் தட்டறான்."

"யாரு தொறக்கறா?"

"அவதான்."

"அவ ஊட்டுல இல்ல."

எனக்குப் புரியவில்லை. "எங்க போயிருக்கா?"

"வேலைக்கு. ஷிப்டு முடிய மூணு மணி ஆவும். அப்புறம் நடந்து வரணும். தட்டட்டும், தட்டிகினு நிக்கட்டும்."

சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். நான்தான் அழுதேன். பாட்டு முடிந்த பிறகும் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. முள்ளை எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ரயிலடிக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. மறுவாரமே கண்ணாடி பாட்டில் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு நீங்களே போய் நின்றீர்கள். வரும் பாட்டில்களைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. முதல் நாள் திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இனிமே நாள் முழுக்க நான்தான் தட்டறது," என்றீர்கள். கம்பெனியில் உங்கள் காதுக்கு நல்ல பெயர். பெண்கள் உங்களிடம் பைண்டு புத்தகம் கேட்டு வாங்கிப் போனார்கள். பல்லைப் பிடுங்கத் திருவள்ளூருக்கு நீங்களே பஸ் ஏறிப் போய் வந்தீர்கள்.

நான் சொன்ன கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஒருநாள் ஒப்புக்கொள்ள வந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "மூணாவது வாரமே தெரியும். அவன் ரெண்டு வரி பாடினா நீ பத்து நிமிஷம் சொல்லிகினு இருந்த."

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"நீ இன்னா சொல்லப் போறேன்னு பாக்கத்தான்."

உங்கள் வீட்டுக்காரர் வரவே இல்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் ஒருமுறை கேட்டேன். "குந்த சொல்லுவேன். நாஷ்டா குடுப்பேன். அப்புறம் ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிடுவேன்." அதைச் சொன்னபோது உங்கள் குரலில் கோபத்தைத் தேடினேன். மாவு சலிக்கும்போது பேசுகிற சாதாரணக் குரல்தான் இருந்தது.

காய்ச்சலில் படுத்த அந்தக் கடைசி வாரத்திலும் ஞாயிறு மதியம் பிளேயரைக் கட்டில் அருகே கொண்டுவரச் சொன்னீர்கள். எதைப் போடட்டும் என்றேன். "எதையாவது போடு. நமக்குத்தான் கதை தெரியுமே." வரிசை வேண்டாம் என்று நீங்கள் சொன்னது அந்த ஒரே தடவைதான். நான் நான்காவதைப் போட்டேன். வேறு யோசனை இல்லாமல் முதல் முறையாக அந்தத் தட்டை முழுக்கக் கேட்டேன், உங்கள் கை என் கைமேல் இருக்க.

உங்கள் கட்டில் இருந்த இடத்தில் பீரோவைத் தள்ளிப் போடலாம் என்று உங்கள் தம்பி இரண்டு தடவை சொல்லிவிட்டார். அறை அடைசலாக இருக்கிறது, அவர் சொல்வது நியாயம்தான். நான் சம்மதிக்கவில்லை. காரணம் கேட்டார். வெள்ளைத் தாள் என்றேன். அவருக்குப் புரிந்தது, போய்விட்டார்.

இதோ, கதவை யாரோ தட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும். உங்கள் பைண்டுகளில் மூன்றாவதைப் படித்து முடித்திருப்பாள், நான்காவதைக் கேட்க வந்திருப்பாள். நெளிந்த தட்டு என் மடியில் இருக்கிறது. கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடம் பாக்கி.

தட்டட்டும் அண்ணி. நான் குந்திகினு இருக்கேன்.