எல்லோருக்கும் பொதுவான ஸ்ட்ராபெரி

14 அக்டோபர் 1979, ஞாயிறு

மழையில் மலைப்பாதை சரிந்து போதகர் வரவில்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியான நானே பிரசங்கம் செய்தேன். காதல் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், கிறிஸ்துவின் அன்பு யாரையும் தேர்ந்தெடுக்காது, ஆகவே அதுவே உயர்ந்தது என்றேன். முன்வரிசையில் ஸ்டெல்லா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தேயிலை ஆலையில் வேலை செய்யும் விதவை. மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோகிறேன். அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மாலையில் கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரிக் கூடையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ரிங்லெட் ஊரு லோரிக்காரரு என்னைக் கட்டிக்கிறேன்னு வந்து கேட்டாரு, ஐயா. அவருக்கு நான் ஒருத்திதான் வேணுமாம். நாளைக்குப் பதில் சொல்லணும். நீங்க இதை எனக்காகக் கொண்டாறீங்களா, ஏசுவுக்காகவா?"

மூன்று ஆண்டுகளாக நான் காத்திருந்த கேள்வி.

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதாம்மா" என்றேன். காலைப் பிரசங்கம் இன்னும் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப பக்கத்து வீட்டுக் குப்பாயிக்குக் குடுங்க லா. அவங்க பாடு என்னைவிடக் கஷ்டம்."

கதவைச் சாத்தினாள், மெதுவாகத்தான்.

லோரிக்காரன் வேதம் படித்தவனில்லை. என் பிரசங்கத்தின்படி அவனுடையது மட்டமான அன்பு. அவனுக்குத் தேர்ந்தெடுக்க மட்டும் தெரிந்திருக்கிறது.

கூடையோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பல்லில்லாத குப்பாயி ஒரு பழத்தைச் சப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"புளிக்குது, கிராணியாரே. அடுத்த வாரம் கோஸ் கொண்டாங்க."

கொண்டுபோகத்தான் வேண்டும். ஊர் கேட்கப் பிரசங்கம் செய்துவிட்டேன்.