சாட்சி மட்டும் சொல்லலாம்

அம்மா,

சபையின் முன்வாசலில் புது போர்ட்டிகோ கட்டுகிறார்கள். இறக்கிவைத்த சிமெண்ட் மூட்டைகள் நனையாமலிருக்க, உன் நினைவு ஆராதனைக்கு வைத்த ஃபிளெக்ஸ் பேனரை எடுத்து மூடியிருக்கிறார்கள். இன்று வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். மழைத்தண்ணீர் உன் கன்னத்தில் குட்டையாக நின்றது. அதில் கொசுப்புழு நெளிந்தது. ஃபிளெக்ஸின் மருந்து வாடை ஈரத்தில் ஊறிக் குமட்டியது. முகத்தையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அதன் கீழே பொன்னிற எழுத்தில் இன்னும் அழியாமல் இருந்ததைத்தான் பார்க்க முடியவில்லை: 'தாழ்மையின் சிகரம்'.

நீ தாழ்மையானவள் இல்லை. உன்னை அறிந்த எவருக்கும் அது தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக்கொடுக்கும் ஆபரேட்டராக இருந்தவள் நீ. அதிகாரி ஒருவர் வரிசையைத் தாண்டித் தன் அழைப்பை முதலில் போடச் சொன்னபோது, "உங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா லைன்ல நிக்கிறாங்க சார்" என்று சொன்ன கதையை நீயே எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

ஆனால் எனக்குப் பிடித்தது தூத்துக்குடி லைன் கதை. இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் அம்மா. ஒரே இரைச்சல், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. நடுவில் உனக்கு மட்டும் இரண்டும் கேட்டன. மகன் சொல்லச் சொல்ல நீ அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னாய். அந்த அம்மா சொன்னதை இந்தப் பக்கம் சொன்னாய். 'சாப்பிட்டியாப்பா' என்று ஒரு அந்நியனை நீ கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் அவன் அழுதுவிட்டான்.

"அவன் அழுதானே, அதையும் சொன்னியா?" என்று கேட்டேன்.

"அது எப்படி? அவங்க சொன்னதை மட்டும்தான் சொல்லணும். நம்ம சரக்கு ஒண்ணும் சேர்க்கக்கூடாது" என்றாய்.

அவரவரே டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்து ட்ரங்க் கால் ஓய்ந்த பிறகு, பழுதான போன்களுக்குப் புகார் வாங்கும் பிரிவில் உன்னை உட்காரவைத்தார்கள். அந்த வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வரமாட்டாய். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, ஆஸ்பத்திரியில் காசநோயாளிகளின் வார்டுக்குப் போவாய். ஜெபம் செய்வாய். ஆனால் அதற்கு முன்னால், யாருக்கு வீட்டிலிருந்து ஆள் வரவில்லை என்று கேட்பாய். பிறகு அந்த வீட்டுக்குப் போன் போடுவாய். போன் இல்லாத வீடென்றால் பக்கத்துக் கடைக்குப் போட்டுக் கூப்பிடச் சொல்வாய். 'உங்க வீட்டுக்காரர் உங்களைக் கேட்டார்' என்பதுதான் உன் ஊழியம். அந்த நாட்களில் அப்பா வைத்த ரசத்தைக் குடித்தே நான் வளர்ந்தேன். அது நன்றாக இருந்ததாக நாம் இருவரும் சேர்ந்து பொய் சொன்னோம்.

அந்த வார்டில் கண்டதை ஒரு ஞாயிறு பிரசங்கமாகச் சொல்ல வேண்டும் என்பது உன் ஆசை. நம் சபையின் வழக்கம் உனக்குத் தெரியும். பெண்கள் தங்கள் வாழ்வில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்லலாம்; செய்தி, அதாவது பிரசங்கம், கொடுக்கக்கூடாது. சாட்சி என்றால் படிக்குக் கீழே வைத்த மைக். செய்தி என்றால் மேலே பிரசங்க பீடம். நடுவில் இருப்பது மூன்றே படி. ஈஸ்டருக்கு முந்தின நாள் அந்தப் படிகளைக் கழுவித் துடைக்க மட்டும் பெண்கள் ஏறலாம்.

நீ போய்ச் சபைச் செயலரைக் கேட்டாய். "சிஸ்டர், அதையே சாட்சியா சொல்லிடுங்களேன். எல்லாம் ஒண்ணுதானே?" என்றார். ஒன்றுதான் என்றால் அவர் ஏன் கீழே நின்று பேசுவதில்லை?

பெருமழையில் முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்ற வருடம், சபையின் பெண்கள் ஐக்கியத்தைக் கூட்டி ஒரு வாரம் சோறு பொங்கிக் கொடுத்தாய். செயலர் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். தண்ணீர் வடிந்ததும் மறுபடி கேட்டாய். "அடுத்த வருஷம் பார்க்கலாம் சிஸ்டர்." வீட்டுக்கு வந்து, அடிப்பிடித்த குக்கரைத் தேய்த்துக்கொண்டே சொன்னாய்: "கம்ப்ளெயின்ட் நம்பர் குடுத்து அனுப்பிட்டாருடி. நாங்க குடுக்கிற மாதிரியே." சிரித்தாய். குக்கரை மட்டும் வெகுநேரம் தேய்த்தாய்.

அடுத்த வருடம் நீ இல்லை.

நினைவு ஆராதனையில் உன் வாழ்க்கைக் குறிப்பை நான் வாசிக்க வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். செயலர் திருத்தி அனுப்பினார். 'பிரசங்கிக்க விரும்பி இருமுறை அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை' என்ற வரியை அடித்துவிட்டு, மேலே பச்சை மையில் எழுதியிருந்தார்: 'மேடையை ஒருபோதும் நாடாத தாழ்மையுள்ள சகோதரி.' உன்னைப் பேசவிடாமல் செய்ததையே உன் குணமாக ஆக்கிவிட்டார்.

அப்பா, "விட்டுடும்மா. நாளைக்கு நான்தானே அங்க போய் உக்காரணும்?" என்றார். அவருக்கு இருப்பது அந்தச் சபை ஒன்றுதான். அது எனக்கும் தெரியும். ஆராதனை அன்று சபை வாசலில் போய் நிற்கும்வரை அந்தப் பச்சை வரியை வாசித்துவிடுவதாகத்தான் இருந்தேன். அங்கே அந்த பேனரைப் பார்த்தேன். அதில் உன் முகத்துக்குப் பக்கத்திலேயே, உன்னைவிடப் பெரிதாக, செயலர் கைகூப்பி நின்றார்.

படிக்குக் கீழே இருந்த மைக்கில் வாசித்தேன். பிறப்பு, படிப்பு, திருமணம், எக்ஸ்சேஞ்ச், வார்டு. அந்த இடம் வந்தது. "பிரசங்கம் செய்ய ரெண்டு தடவை கேட்டாங்க. குடுக்கலை" என்றேன். செயலர் கை அசைந்ததைப் பார்த்தேன். மைக் செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மைக் செத்துவிட்டது.

அப்போதுதான் ரூபி அக்கா எழுந்தார். அதே வார்டைப் பெருக்கி ஓய்வுபெற்றவர், உன் சிநேகிதி. காது மந்தம் என்பதால் எப்போதும் முன்வரிசை.

"இன்னா பாப்பா சொன்ன? காதுல வுழல."

"அம்மா பிரசங்கம் பண்ண ரெண்டு தடவை கேட்டாங்க அக்கா. குடுக்கலை."

காது மந்தமானவர்கள் பேசும் அந்தச் சத்தத்தில் பின்னால் திரும்பி அவர் சொன்னார்: "அந்தம்மா பிரசங்கம் பண்ண ரெண்டு தபா கேட்டாங்களாம்! இவுங்க குடுக்கலியாம்!"

"சிஸ்டர், உக்காருங்க" என்றார் செயலர்.

"நீ இரு சார். பின்னால கீறவங்களுக்குக் கேக்கல."

இரண்டாம் வரிசை மூன்றாம் வரிசைக்குச் சொன்னது. "ரெண்டு தடவை கேட்டாங்களாம்." தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் "யாரு, யாரு?" என்றார்கள். "நம்ம போன் ஆபீஸ் சிஸ்டர்தான்." கடைசி பெஞ்சு வரை அது போவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். ஒருவரும் ஒன்றும் சேர்க்கவில்லை அம்மா. குறைக்கவும் இல்லை.

பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். செயலர் இன்னும் செயலர்தான். அப்பா அதே பெஞ்சில்தான் உட்காருகிறார், பக்கத்தில் யாரும் உட்காராமல் இரண்டு ஆள் இடம் காலியாக இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து அவர் என்னிடம் கோபப்படவில்லை. "பின்வரிசை வரைக்கும் கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசம் வைக்கப் போனார்.

இன்று காலை அந்த ஃபிளெக்ஸை உருவினேன். தண்ணீர் என் செருப்பிலும் புடவையிலும் கொட்டியது. "இன்னாமா, மூட்டை நனஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று மேஸ்திரி கத்தினார். "செயலர்" என்றேன். சுருட்டி ஆட்டோவில் போட்டு எடுத்துவந்துவிட்டேன். வராந்தாவில் கிடக்கிறது, நாறுகிறது. கத்தரிக்கோலால் உன் முகத்தை மட்டும் தனியே எடுக்கலாமா என்று பார்த்தேன். ஃபிளெக்ஸில் உன்னை வெள்ளையாக்கி, காதில் இல்லாத கம்மலைப் போட்டு, நீ சிரிக்காத ஒரு சிரிப்பையும் ஒட்டியிருக்கிறார்கள். அது நீயில்லை. முழுதாகக் குப்பைக்குப் போகட்டும்.

இப்போதும் யாராவது என்னிடம், "உங்கம்மா எவ்வளவு தாழ்மை!" என்கிறார்கள். வாயில் கசப்பு ஊறுகிறது. ஆனாலும் சண்டை போடுவதில்லை. லைன் சரியில்லை என்று எடுத்துக்கொண்டு, நீ சொல்லித்தந்தபடி, நடந்ததை மட்டும் நிதானமாகத் திருப்பிச் சொல்கிறேன்.

"கேட்டாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க."