லங்கோடு கட்டிய நாள்

விருத்தாசலம்
13-3-1972

அன்புள்ள என் மனைவிக்கு,

உன் அம்மாவுக்குக் காய்ச்சல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நேற்று மணிமுத்தாற்று மணலில் குஸ்தி நடந்தது. நம் பையன் காத்தவராயன் லங்கோடு கட்டி இறங்கினான்.

நீ நம்ப மாட்டாய். பன்னிரண்டு வயதில் நம் பொம்மைச் சூளையில் வெந்த தொடையை, ஆற்றில் குளிக்கும்போதுகூட வேட்டியால் மூடிக்கொள்கிறவன் அவன். இரண்டு வருஷமாகக் குஸ்தி பழகியும், லங்கோடு கட்ட வேண்டுமே என்றுதான் ஒரு பந்தயத்துக்கும் போகவில்லை. அப்படிக் கூச்சப்பட்டே குஸ்திக்கு வராத பையன்கள் நேற்றும் கரை நெடுக நின்றார்கள்.

அவன் வேட்டியை அவிழ்த்ததும் கூட்டம் அடங்கிவிட்டது. இடுப்பு முதல் முழங்கால்வரை அந்தத் தழும்பு. எதிராளியே தயங்கி, "இன்னாப்பா ஆச்சு இது?" என்று கேட்டான்.

"சூளையில சுட்டுக்கிச்சு. நீ வா, புடிப்போம்."

சொல்லிக்கொண்டே முன்னால் வந்தான்.

தோற்றுத்தான் போனான். ஆனாலும் வேட்டியைத் தேடாமல், மணல் ஒட்டிய உடம்போடு கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நடந்து வந்தான். அவனைப் பெற்றவன் நான் என்று சொல்லிக்கொள்ளவே பயமாக இருந்தது. பின்னாலேயே மூன்று பையன்கள் ஓடிவந்து, "எங்களுக்கும் லங்கோடு கட்டக் கத்துக்குடுண்ணே" என்றார்கள்.

ஆறு வருஷமாக அவன் உன்னிடம் சொல்லாத ஒன்றை நான் எழுதுகிறேன். சூடு தணியுமுன் சூளையை அவனாகத் திறக்கவில்லை. நான்தான் திறக்கச் சொன்னேன்.

இதைப் படித்தபின் என்னோடு பேச உனக்கு மனமில்லாமல் போகலாம். வரும் ஞாயிறு நல்லூரில் அவன் மறுபடி இறங்குகிறான். அதைப் பார்க்கவாவது வா.

உன் வீட்டுக்காரன்