உனக்கு விட்ட இடம்

மார்ச் 4

என் செல்லக் குட்டிக்கு,

அக்காதான் எழுதுகிறேன். கவரைப் பிரிக்காமல் மூலையில் போட்டுவிடாதே. நாம் பேசிக்கொண்டு எட்டு வருஷம் ஆகிறது. ஷூட்டிங் பார்க்க வந்தவள், யாரோ பாடிய பாட்டுக்கு நான் நடிப்பதைப் பார்த்துவிட்டு, "பாடத் தெரிஞ்சவ இப்படி வாயசைச்சுப் பிழைக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாய். கேட்டது நியாயம்தான். இப்போது சினிமாவுக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கச்சேரிக்கே திரும்பிவிட்டேன்.

ஆனால் தனியாகப் பாட வரவில்லையடி. ஒரு வரி பாடியதும் நிறுத்திவிடுகிறேன், அடுத்த வரியை நீ எடுப்பாய் என்று. சேர்ந்தே பாடிப் பழகிய தொண்டை. "நடிகைக்குப் பாட்டு மறந்துவிட்டது" என்று பத்திரிகையில் எழுதிவிட்டார்கள்.

அடுத்த மாதம் பெரிய அரங்கில் பாடுகிறேன். மேடையில் என் வலப்பக்கம் உனக்குத்தான். வந்துவிடு.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் பிரித்தேன், படித்தேன். என்னால் வர முடியாது. வீட்டில் தலைக்கு மேல் வேலை. தொண்டையைப் பார்த்துக்கொள், ஜில்லென்று எதையும் குடிக்காதே. ரேடியோவில் கேட்கிறேன்.

குட்டி

ஏப்ரல் 20

குட்டிக்கு,

நீ வரவில்லை. வலப்பக்கம் காலியாகவே கிடந்தது. நான் உனக்காக நிறுத்திய இடத்தில் வயலின்காரர் வாசித்து நிரப்பப் பார்த்தார். முறைத்தேன், மனுஷன் வில்லை இறக்கிவிட்டார்.

போன் செய்தால் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். "அவ வேலையா இருக்கா அக்கா" என்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? படத்தில் அழுவதற்கு எனக்குக் கிளிசரின் வேண்டும். அன்று கச்சேரி முடிந்து காரில் திரும்பும்போது அது தேவைப்படவில்லை.

அக்கா

ஏப்ரல் 29

என் அக்காவுக்கு,

கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. போன வருஷம் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. பால்காரரிடம்கூடச் சிலேட்டில் எழுதித்தான் காட்டுகிறேன். சொன்னால் நீ கச்சேரியை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்றுதான் மறைத்தேன்.

உன் கச்சேரியன்று ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். நீ நிறுத்திய இடத்திலெல்லாம் என் வரியை நான் எடுத்தேன். ஓரிடத்திலும் தப்பவில்லை. காற்றுதான் வந்தது. "வாயசைச்சுப் பிழைக்கணுமா?" என்று உன்னைக் கேட்ட அதே வாய், இப்போது உன் பாட்டுக்கு அசைகிறது. இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வயலின்காரர் பாவம், அவரை முறைக்காதே. அந்த வரிகளையும் இனி நீயே பாடிவிடு, அக்கா. நீ இடம் விட்டால் நான் வாயைத் திறந்துவிடுகிறேன்.

உன் குட்டி